சைத்தானும் ரெண்டு பிடி டீத்தூளும்

இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர் என்னை நிறுத்தி, "ராத்திரி உங்க வீட்ல போட்ட படம் பயமே வரலைங்க" என்றார். அவர் படத்துக்கு வரவே இல்லை. தெருவில் போகும்போது ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டதாம். படம் பார்க்காதவருக்கே ஒரு கருத்து இருக்கிறது. படத்தைப் போட்டவன், மாதாமாதம் அதற்குப் பணம் கட்டுகிறவன், கூடம் நிறைய உட்கார்ந்திருந்த சனத்துக்கு இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தவன் நான். என்னை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நேற்று போட்ட 'சைத்தான்' என்கிற இந்திப் படத்தைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. நல்ல கருத்து. அதைச் சொல்லத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் சொன்னதை முதலில் தீர்த்துவிடுகிறேன், அது மண்டைக்குள் இருக்கும்வரை என்னுடையது வெளியே வராது.

முதலில் இந்த 'பயமே வரலை' கூட்டம். நீலகிரி மலையில் இருக்கிற எங்கள் இத்தலாரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பயப்படுவதற்கு மரியாதையான காரணங்கள் நிறைய உண்டு. தேயிலைக்குள் கரடி நிற்கும். ரோட்டில் காட்டெருமை நிற்கும். சிறுத்தை நாயைத் தூக்கிய கதை எல்லார் வீட்டிலும் இருக்கும். ஆகவே படம் முடிந்ததும் "சீ, இதெல்லாம் ஒரு பேய்ப்படமா" என்று எழுந்த ஆண்கள் அத்தனை பேரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே நின்றார்கள். ஒருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடியும் தேடினார். கடைசியில் நாலு பேராகச் சேர்ந்து, டார்ச் அடித்து, சத்தமாக அரசியல் பேசிக்கொண்டு கிளம்பினார்கள். கேட்டால் கரடியாம். சமவெளிக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது, பாவம். பேய்க்குப் பயந்தால் பேய்க்குப் பயந்தேன் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அடுத்தது என் சித்தப்பா. எந்தப் படம் போட்டாலும் அது அப்போதே வந்துவிட்டது என்பார். 1991-ல் 'வா அருகில் வா' பார்த்தவர் அவர். செத்த பெண்ணின் ஆவி பொம்மைக்குள் புகுந்து பழிவாங்குகிற படம். அதற்குப் பிறகு வந்த எல்லாப் பேய்ப்படமும் அவரைப் பொறுத்தவரை அதன் காப்பிதான். 'சைத்தான்' படத்தில் பொம்மை எங்கே இருக்கிறது சித்தப்பா என்று கேட்டேன். "அந்தப் பொண்ணுதான்டா பொம்மை" என்றார். சொல்ல வருத்தமாக இருக்கிறது, நான் சொல்ல நினைத்த கருத்தில் பாதி அது.

பெண்கள் பக்கம் வேறு கவலை. "மாதவன் இப்படிப் பண்ணுவாரா?" 'அலைபாயுதே' வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் என் மனைவிக்கும் அவள் அக்காவுக்கும் அந்த மனிதர் இன்னும் ரயிலில்தான் நின்றுகொண்டிருக்கிறார். படத்தில் அவர் ஒரு பெண்பிள்ளையை வசியம் செய்து, ஆடு என்றால் ஆடவைத்து, சிரி என்றால் சிரிக்கவைத்து, அப்பன் ஆத்தாளைக் கதறவிடுகிறார். இவர்கள் இரண்டு பேரும் "கொஞ்சம் இளைச்சிருக்கலாம்" என்கிறார்கள். அம்மாவாக வரும் ஜோதிகா மட்டும் அழகாகக் கதறினாராம்.

ஒரிஜினல் ஆசாமி ஒருவர் இல்லாமல் எந்தக் கூட்டமும் கூடாது. எங்கள் கூட்டத்திலும் இருந்தார். 2023-ல் குஜராத்தியில் வந்த 'வஷ்' படம்தான் அசல், 2024 மார்ச்சில் வந்த இந்திப் படம் அதன் நகல், அசலில் நடித்த ஜானகி போடிவாலாவே இதிலும் அந்தப் பெண்ணாக நடித்திருக்கிறார், அசலுக்காக அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் இதைப் படம் ஓடும்போது, ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், "இப்ப பாருங்க, அடுத்து என்ன நடக்கும்னா" என்று ஆரம்பித்துச் சொன்னால் அந்த ஆளை என்ன செய்வது? வசியம் தெரிந்திருந்தால் நான் முதலில் அவர் வாயைத்தான் கட்டியிருப்பேன்.

இப்போது டீத்தூள்.

படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் மாதவன் அந்த வீட்டுக்குள் நுழைகிறார். அந்த இடத்திலேயே எங்கள் கூடத்தில் சலசலப்பு. "கரண்ட் இல்லைன்னு சொல்லியிருந்தா படம் அங்கேயே முடிஞ்சிருக்கும்" என்றது ஒரு குரல். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எந்தச் சூனியக்காரனும் சார்ஜ் கேட்டு வீட்டுக்குள் வரமுடியாது. அது போகட்டும். அப்புறம் அந்தப் பெண்ணைப் பச்சை டீத்தூளைத் தின்னச் சொல்கிறார். அவளும் டப்பாவிலிருந்து அள்ளி அள்ளி வாயில் போட்டு மெல்லுகிறாள். அம்மா அழுகிறாள், அப்பா துடிக்கிறார், பின்னணி இசை கிடுகிடுக்கிறது. உலகத்தில் மற்ற எல்லா இடத்திலும் சனங்கள் இந்த இடத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

இத்தலாரில் முதல் குரல்: "அது டஸ்டா, லீஃபா?"

படத்தை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். பின்னால் தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன். கண்ணாடி போட்டவர்கள் டிவி பக்கத்தில் போய்ப் பார்த்தார்கள். சூப்பர் ரெட் டஸ்ட் என்றார் ஒருவர். அந்த நிறத்துக்கு அதாக இருக்காது, பி.ஓ.பி.எஃப். என்றார் இன்னொருவர். வடக்கே நடக்கிற கதை, அசாம் தூளாகத்தான் இருக்கும் என்று மூன்றாமவர் சொன்னதும் கூடத்தில் ஒரு கசப்பு பரவியது. அந்தப் பெண் மேல் அதுவரை இருந்த இரக்கத்தில் கொஞ்சம் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு கணக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அவள் வாயில் போட்டது நூறு கிராமாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட அரைக் கிலோ இலை. அரைக் கிலோ இலை பறிக்க எவ்வளவு நேரம், பறிகூலி எவ்வளவு, அதற்குக் கையில் என்ன நின்றது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். மூன்று விடையும் வேறு. மூன்றிலும் நஷ்டம்தான் வந்தது. 2023 செப்டம்பரில் கோத்தகிரி பக்கம் நட்டக்கல்லில் கிலோ பசுந்தேயிலைக்கு 33.50 ரூபாய் கேட்டு உண்ணாவிரதம் இருந்தோமே, அந்த விலை வந்திருந்தால் அவள் எவ்வளவு ரூபாய்க்குத் தின்றிருப்பாள் என்று நாலாவது கணக்கு ஆரம்பமானது. ஜோதிகா இன்னும் வாயைத் திறந்தபடி டிவியில் உறைந்து நிற்கிறார்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. இவ்வளவு வசியம் தெரிந்த ஆளை ஒரு குடும்பத்தோடு விட்டுவிடுவானேன்? குன்னூர் ஏலத்துக்குக் கூட்டிப்போனால் என்ன? 1963-லிருந்து அங்கே ஏலம் நடக்கிறது, ஒரு தடவையாவது நம் பக்கம் சாயட்டுமே. படத்தில் அந்தப் பெண்ணை வசியம் செய்யக் கொடுத்த மாதிரி வாங்குகிறவர்களுக்கும் இரண்டு லட்டைக் கொடுத்து, ஏத்து என்றால் ஏற்ற வேண்டும், இன்னும் ஏத்து என்றால் இன்னும் ஏற்ற வேண்டும். கூடமே எழுந்து உட்கார்ந்தது. தின்னக் கொடுப்பது லட்டாக இருக்க வேண்டுமா, வர்க்கியாக இருக்கலாமா என்று விவாதம். ஊட்டி வர்க்கிக்குத்தான் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, சந்தேகமும் வராது. எல்லாம் முடிவாகிற நேரத்தில் சித்தப்பா ஒரு போடு போட்டார்: "இப்ப ஏலமெல்லாம் கம்ப்யூட்டர்லடா. அவனவன் எங்கயோ உட்கார்ந்து தட்டறான். யாருக்கு வர்க்கி குடுப்பே?" கூடம் அமைதியானது. அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் நிஜமான திகில் அந்த நிமிஷத்தில்தான் இறங்கியது.

கம்ப்யூட்டரை வசியம் செய்யலாமா என்ற கிளை விவாதத்தை நான் இங்கே எழுதவில்லை. அரை மணி நேரம் நடந்தது. படத்தை மறுபடி ஓடவிட்டபோது இரண்டு பேர் தூங்கியிருந்தார்கள். அவர்களும் காலையில் "செகண்ட் ஹாஃப் இழுவை" என்றார்கள்.

என் கருத்துக்கு வருகிறேன். வசியம் என்பது... இல்லை, அதற்குள் என் மச்சான் மகன் இருக்கிறான். கோவையில் படிக்கிறான். "இது வசியம் இல்லை மாமா, வூடூ" என்றான். எனக்கு வந்ததே கோபம். வூடூ என்பது ஊசி குத்திய பொம்மை இல்லையப்பா, அது ஒரு மதம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் கரீபியன் தீவுகளுக்குத் தங்கள் சாமிகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். 1791-ல் ஹைத்தியில் அடிமைகள் கலகம் செய்யக் கிளம்பியதே அப்படி ஒரு சாமி கும்பிட்ட ராத்திரியில்தான் என்பார்கள். 1804-ல் நாடே விடுதலை ஆனது. ஹைத்தி அரசு 2003-ல் வூடூவை மதமாக முறைப்படி ஏற்றுக்கொண்டது. பெனின் நாட்டில் ஜனவரி மாதத்தில் அதற்காகவே அரசு விடுமுறை உண்டு. 1915 முதல் 1934 வரை ஹைத்தியை அமெரிக்கப் படை பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் போய்வந்தவர்கள் அவிழ்த்துவிட்ட கதைகளை ஹாலிவுட் பிடித்துக்கொண்டது, 1932-லேயே 'வைட் ஜாம்பி' எடுத்துக் காசு பார்த்தது. ஊசி குத்துகிற பொம்மையோ பழைய ஐரோப்பியச் சூனியக் கதைகளில் இருந்த சரக்கு. இத்தனையும் சொன்னேன். "நீங்க 'ஸ்கெலிட்டன் கீ' பார்த்திருக்கீங்களா?" என்றான். 2005-ல் வந்த படம், லூசியானாவில் நடக்கிற கதை, மந்திரம் நம்புகிறவனை மட்டும்தான் பிடிக்கும் என்று அதில் ஒரு விதி. "எனக்கு நம்பிக்கை இல்லை, அதான் பயம் வரலை" என்று சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். விளக்கை அணைக்கப் போனேன், வேண்டாம் என்றான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். சென்னையிலிருந்து ஒரு சினேகிதர் போன் செய்தார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "உங்க மலைலயே நிஜமா இருக்காமே? குறும்பர்னு ஒரு ஆளுங்க, பார்வையாலேயே கொன்னுடுவாங்களாமே? லீவுக்கு வந்தா காட்டுவீங்களா?" இந்திக்காரர்கள் 2002-ல் 'ராஸ்' எடுத்தபோது ஊட்டிக்குப் பேயை அனுப்பிவைத்தார்கள். அன்றிலிருந்து பழைய பங்களா என்றாலே விசாரிக்கிறார்கள். அது பேய், போனால் போகிறது. இது மனிதர்கள்.

இந்தக் கருத்தும் பழையதுதான். ரஷ்யரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1883-ல் ஊட்டியில் வந்து தங்கினார். இந்த மலையின் பழங்குடிகளில் தோடர்களைத் தேவர்கள் மாதிரியும் குறும்பர்களைக் கொடும் சூனியக்காரர்கள் மாதிரியும் ரஷ்ய மொழியில் எழுதி அனுப்பினார். இங்கே உள்ளவர்கள் ஒன்றும் அவருக்குக் குறைந்தவர்கள் இல்லை. காய்ச்சல் வந்தால் குறும்பன், மாடு செத்தால் குறும்பன். அதே குறும்பனைத்தான் விதைப்பு ஆரம்பிக்கவும் கூப்பிட்டார்கள். 1835-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட குறும்பர்களைக் கொன்றிருக்கிறார்கள். 1875-லும் 1882-லும் மறுபடி. 1900-ல் ஒரு குடும்பத்தையே முடித்துவிட்டார்கள், அந்த வீட்டுப் பெரியவர் ஒரு படுகர் ஊருக்கு நோயை ஏவினார் என்று. செய்தது எங்கள் படுகர் முன்னோர்கள்தான். ஆதாரம் என்று ஒன்றும் கிடையாது, எல்லாருக்கும் கருத்து இருந்தது. சென்னைச் சினேகிதரிடம் இதைச் சொன்னேன். "சூப்பர் சார், இதையே படமா எடுக்கலாமே" என்றார்.

மந்திரத்தை விசாரித்து எழுதிய வெளியாள் இன்னொருவரும் உண்டு. ரிவர்ஸ் என்கிற இங்கிலீஷ்காரர் 1901, 1902-ல் தோடர்களிடம் விசாரித்து 1906-ல் புத்தகம் போட்டார். செய்வினை வைக்கும் முறையை அதில் பிசகாமல் எழுதியிருக்கிறார். ஐந்து சின்னக் கல்லைத் தலைமுடியால் கட்டி, துணியில் சுற்றி, எதிரியின் கூரையில் செருகிவிட வேண்டும். எதிரியின் முடி கிடைப்பது நடக்காத காரியம், அதனால் எந்த மனிதனின் முடியானாலும் பரவாயில்லையாம். இந்த ஊரில் ஒருத்தனும் குல்லாவைக் கழற்றமாட்டான் என்பது அந்தக் காலத்து மந்திரவாதிக்கே தெரிந்திருக்கிறது. ரகசியத்தையெல்லாம் ரிவர்ஸிடம் சொன்னவர்களில் ஒருவருக்கு உடம்பு கெட்டது, இன்னொருவருக்கு மனைவி இறந்துபோனாள். வெளியாளிடம் வாய் விட்டதற்குச் சாமி கொடுத்த தண்டனை என்று குறி சொன்னார்கள். ரிவர்ஸ் அதையும் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டு கப்பலேறினார்.

'வஷ்' படத்துக்கு 2025-ல் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. அதையும் போடு என்று ஊரில் நச்சரிக்கிறார்கள். வரும் ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குப் போடுகிறேன், யார் வேண்டுமானாலும் வரலாம். டீத்தூளை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். கருத்து கொண்டுவர வேண்டாம், என்னிடமே ஒன்று சொல்லாமல் மிச்சம் இருக்கிறது.