மோல்டர் கட்சி மாறிய இரவு

அரிசோனா கார்டினல்ஸ் அணி மீது எனக்கு அன்று வந்த கோபத்துக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை. தோற்பது என்று முடிவாகிவிட்ட பிறகு சீக்கிரம் தோற்றுத் தொலைய வேண்டியதுதானே? 2016 ஜனவரி 24, ஞாயிறு இரவு. 2002 மே மாதம் முடிந்துபோன ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடர் பத்து மணிக்கு ஃபாக்ஸ் சேனலில் திரும்பி வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் அமெரிக்கக் கால்பந்து. கரோலைனா பாந்தர்ஸ் எப்போதோ ஜெயித்துவிட்டார்கள். கடைசிக் கணக்கு 49–15. ஆனால் அந்த ஆட்டத்தில் மூச்சுக்கு ஒருதரம் கடிகாரத்தை நிறுத்துவார்கள், நிறுத்தினால் விளம்பரம் போடுவார்கள். பத்து மணி வந்தது, போனது. பிறகு கோப்பை வேறு கொடுத்தார்கள். பதினாலு வருஷம் பொறுத்தவனுக்கு அந்தக் கோப்பையைத்தான் பொறுக்க முடியவில்லை.

எழுந்து வெளியே போகவும் வழியில்லை. முந்தின நாள் பனிப்புயல். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் 27 அங்குலத்துக்கு மேல் கொட்டியிருந்தது. நியூஜெர்சியில் எங்கள் வாசலுக்கும் இயற்கை குறை வைக்கவில்லை. அள்ளி அள்ளி இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. மாடியில் மனைவியும் கைக்குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நானும், பிரசவத்துக்காக வந்திருந்த அம்மாவும்.

அம்மா இந்தத் தொடருக்குப் புதியவள் அல்ல. திருச்சியில் நான் கல்லூரியில் படித்தபோது, கேபிள்காரர் புண்ணியத்தில் ஸ்டார் சேனலில் இது வந்தது. நான் உச்சரிப்போடு மல்லுக்கட்டுவேன். அம்மாவுக்கு ஆங்கிலமே தேவைப்படவில்லை. “அந்தப் பிள்ளையோட தங்கச்சியைச் சின்ன வயசுல யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. அது கிடைக்கிற வரைக்கும் இவன் கல்யாணம் பண்ணிக்க மாட்டான். அந்த டாக்டர் பொண்ணு பாவம், வாயைத் திறந்து கேக்கவும் மாட்டேங்குது” என்று பக்கத்து வீட்டு மாமிக்குக் கதை சொல்வாள். பிள்ளை மோல்டர், பொண்ணு ஸ்கல்லி, இரண்டு பேரும் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகள்; வேற்றுக்கிரகவாசிகளை அவன் நம்புவான், அவள் நம்பமாட்டாள். தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர் ஒன்பது சீசன், 202 எபிசோடுகளில் சொன்னது இவ்வளவுதான் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

ஆனால் அப்போது நான் தீவிர விசுவாசி. கறுப்பு எண்ணெய் மனித உடம்புக்குள் எப்படிப் புகும், வைரஸைச் சுமக்கும் தேனீக்களை வளர்ப்பது யார், வேற்றுக்கிரகவாசிகளோடு ஒப்பந்தம் போட்ட பெரிய மனிதர்கள் யார் யார், அவர்களில் யாரை யார் கொன்றார்கள் என்று எல்லாம் மனப்பாடம். அந்த உழைப்பைப் பாடத்தில் போட்டிருந்தால் இரண்டு பேப்பர் அரியர் விழுந்திருக்காது. 2002 கடைசி எபிசோடில், பூமியை வேற்றுக்கிரகவாசிகள் கைப்பற்றப்போகும் நாள் 2012 டிசம்பர் 22 என்று தேதியே கொடுத்துவிட்டார்கள். அந்த நாளும் வந்தது. சனிக்கிழமை. யாரும் வரவில்லை. நியாயமாக அதற்கு ஒரு விளக்கம் வேண்டுமல்லவா? அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவழியாக ஆரம்பித்தது. அந்த விசில் இசை, எழுத்துகள், பழைய அடையாள அட்டைப் புகைப்படங்கள். டைட்டிலில் கை வைக்கவில்லை, மகராசன் கார்ட்டர் நன்றாக இருக்கட்டும். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. டைட்டிலில் 1993ஆம் வருஷத்து முகங்கள். டைட்டில் முடிந்ததும் 2016 முகங்கள். மோல்டர் நாலு நாள் தாடியும் தூக்கமில்லாத கண்ணுமாக நின்றான். அம்மா என் தலையை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கல்லி வந்ததும் மட்டும், “முடி சொந்தமில்லடா” என்றாள். நான் கோபப்பட்டேன். அப்புறம் தெரிந்தது, ஜில்லியன் ஆண்டர்சன் வைத்திருந்தது விக்தான்.

அடுத்து விழுந்தது இடி. டாட் ஓ’மாலி என்று ஒருவன் வருகிறான். இணையத்தில் சதிக் கதை பேசியே காரும் பங்களாவுமாக வாழ்கிறவன். அவன் சொல்வது: 1947இல் ராஸ்வெல்லில் விழுந்தது வேற்றுக்கிரகக் கப்பல்தான், ஆனால் அதற்குப் பிறகு நடந்த கடத்தல், பரிசோதனை, அந்தரத்தில் பறந்த தட்டு எல்லாம் மனிதன் செய்த வேலை. பாவம், வேற்றுக்கிரகவாசிகள் நிரபராதிகள். இதைக் கேட்டதும் மோல்டர் என்ன செய்திருக்க வேண்டும்? சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். ஆமாம், ஆமாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்று தலையாட்டுகிறான்! கண்ணெதிரே ஆயிரம் அதிசயம் காட்டியும் ஸ்கல்லியை நம்பவைக்க வருஷக்கணக்கில் ஆயிற்று. இவன் கட்சி மாற ஒரு எபிசோடு போதுமாக இருந்தது. விளம்பரத்தைக் கழித்தால் முக்கால் மணி நேரம். தலைவர் கட்சி மாறும்போது போஸ்டர் ஒட்டியவனை யார் கேட்கிறார்கள்? அப்போ என் தேனீக்கள்? கறுப்பு எண்ணெய்?

கார்ட்டரின் கஷ்டம் எனக்குப் புரியாமலில்லை. தொண்ணூறுகளில் அரசாங்கம் எதையோ மறைக்கிறது என்று சொன்னால் ஆழமாகச் சிந்திக்கிறவன் என்று பெயர் கிடைக்கும். 2016இல் அதையே என் பெரியப்பா ரோஜாப்பூ படத்தோடு காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் மோல்டர் ஆன பிறகு மோல்டருக்கு என்ன வேலை? வேற்றுக்கிரகவாசிகளைக் கைவிட்டாவது தனித்துத் தெரியலாம் என்று பார்த்திருப்பான்.

கடைசிக் காட்சியில் தொடரின் பழைய வில்லன் சிகரெட் மனிதன் வந்தான். 2002இல் ஹெலிகாப்டரிலிருந்து ஏவுகணை விட்டு, எலும்புக்கூடு தெரிய எரித்துக் காட்டியிருந்தார்கள். அதிலிருந்தும் பிழைத்து வந்துவிட்டான். தொண்டையில் ஓட்டை. அந்த ஓட்டையில் வேறொருவர் சிகரெட்டை வைத்துவிட, அதன் வழியாகப் புகைக்கிறான். நம் ஊரில் சிகரெட் காட்சி வந்தால் திரையின் மூலையில் எச்சரிக்கை வாசகம் போட வேண்டும் என்பது சட்டம். இவனுக்கு அது தேவையில்லை, ஆளே வாசகம். “இவன் இன்னும் விடலையா?” என்று அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவள் கேட்டது உயிரையா சிகரெட்டையா என்று நான் விசாரிக்கவில்லை. எக்ஸ் ஃபைல்ஸ் பிரிவை மறுபடி திறந்துவிட்டார்கள் என்று அவன் ஃபோனில் சொன்னபோது, அவ்வளவு எரிச்சலிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததை மறைப்பானேன்.

அன்று சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர் பார்த்தார்களாம். அவர்களில் பாதிப் பேராவது என்னைப் போலத் திட்டிக்கொண்டே அடுத்த வாரமும் உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் அனுமானம். உட்கார்ந்ததற்குப் பலனும் கிடைத்தது. மூன்றாவது எபிசோடை எழுதியவர் டேரின் மோர்கன். அதில் மனிதன் கடித்துப் பல்லி போன்ற ஒரு ஜந்து மனிதனாகிவிடுகிறது. ஆன மறுகணமே அதற்கு வேலைக்குப் போக வேண்டும் என்ற பதைப்பு வந்து, செல்ஃபோன் கடையில் போய்ச் சேருகிறது. ஆறு எபிசோடு கொண்ட அந்த சீசனில் எனக்கு உண்மை என்று தோன்றியது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 22 அன்று சீசன் முடிந்தது. ஊரெல்லாம் கொள்ளை நோய், மோல்டர் சாகக் கிடக்கிறான், ஸ்கல்லியின் தலைக்கு மேலே ஒரு பறக்கும் கப்பல் வந்து வெளிச்சம் அடிக்கிறது. தொடரும். அம்மா திருச்சிக்குத் திரும்பிப் போனாள், குழந்தை நடக்க ஆரம்பித்தாள், ஓடவும் ஆரம்பித்தாள். 2018 ஜனவரி 3 அன்று அடுத்த எபிசோடு வந்தது. நோயும் கப்பலும் ஸ்கல்லிக்கு மனக்கண்ணில் தெரிந்த காட்சியாம். எதுவுமே இன்னும் நடக்கவில்லையாம்.

அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

“கனவா? இதைச் சொல்லவா ரெண்டு வருஷம்? நம்ம சீரியல்ல வெள்ளிக்கிழமை செத்தா, திங்கக்கிழமையே கனவுன்னு சொல்லிடுவானேடா” என்றாள். “அது கிடக்கட்டும், அந்தப் பொண்ணு விக்கை மாத்துச்சா?”