மணி ஏன் சுவரைப் பார்த்து நின்றது?

எங்கள் ஊர் வீட்டில் வளர்ந்த நாய் மணி சாப்பிட்டது வேப்பமரத்தடியில் கிடந்த, விளிம்பு உடைந்த மண்சட்டியில்தான். காலையில் நீச்சத்தண்ணியோடு பழைய சோறு. கருவாடு சுட்ட நாளில் அதன் தலை. பகலெல்லாம் வரப்பையும் கண்மாய்க் கரையையும் முகர்ந்து திரியும். இருட்டினால் திண்ணையில் அப்பத்தாவின் காலடியில் படுத்துக்கொள்ளும்.

13 வயதில் மணி மாறிப்போனது. விடிய விடிய முற்றத்தைச் சுற்றியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. தொழுவத்து மூலையில் சுவரைப் பார்த்தபடி, திரும்பி வரத் தெரியாமல் நின்றது.

"கிறுக்குப் பிடிச்சிருச்சு. பிள்ளைகளக் கடிச்சிரப் போகுது" என்றார் பெரியப்பா. வெறிநோய்க்குப் பயந்த காலம் அது. தொழுவத்திலேயே கட்டிப்போட்டார்கள். அப்பத்தா மட்டும், "வயசாயிருச்சுடா, வேற ஒண்ணுமில்ல" என்று சட்டியை அதன் வாயருகே நகர்த்தி வைப்பாள். மூன்றாம் மாதம், கட்டிய கயிற்றோடேயே மணி செத்துப்போனது.

40 ஆண்டுகள் கழிந்தன. மதுரையில், எங்கள் மாடி வீட்டில், நாங்கள் வளர்க்கும் நாய் கருப்பி ஒருநாள் கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய்க் காத்து நின்றது. எனக்கு மணி ஞாபகம் வந்துவிட்டது.

மருத்துவர் கண், காது, ரத்தம், சிறுநீரகம் எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூளைக்கு வயசாகுது சார். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு வர்ற மறதி மாதிரிதான்."

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படிகிற அமிலாய்டு புரதம் முதிய நாய்களின் மூளையிலும் படிகிறது. கலிஃபோர்னியாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், 11-12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15-16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இந்த மறதியின் அறிகுறி ஒன்றாவது இருந்தது. மணிக்குப் பிடித்தது கிறுக்கு இல்லை. அப்பத்தா சொன்னதுதான் சரி.

இந்த மறதியை முற்றாகக் குணமாக்க மருந்தில்லை; மெதுவாக்க வழி உண்டு. வயதான பீகிள் நாய்களை இரண்டாண்டுகள் கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், சத்துள்ள உணவோடு நடையும் துணையும் விளையாட்டும் சேர்ந்து கிடைத்த நாய்களே நன்றாகக் கற்றுக்கொண்டன.

இப்போது கருப்பிக்குச் சோற்றோடு அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், கொஞ்சம் பூசணி தருகிறோம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு என்பதால் கண்ணிலேயே காட்டுவதில்லை. பழந்துணியில் தீனியைச் சுருட்டி ஒளித்து வைத்தால் மோப்பம் பிடித்துத் தேடி எடுக்கும். நடக்கும்போது கயிற்றை இழுப்பதில்லை. முகர்ந்து முடிக்கும்வரை நிற்கிறேன். மணிக்குக் கண்மாய்க் கரை தானாகக் கொடுத்ததை, கருப்பிக்கு நாங்கள் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறோம். இரவில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. கட்டிலையும் நாற்காலியையும் இடம் மாற்றுவதில்லை.

உங்கள் வீட்டு முதிய நாய் மூலையில் திகைத்து நின்றால் அதட்டாதீர்கள், கட்டிப்போடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை பக்கத்தில் போய் உட்காருங்கள்.