அண்ணாச்சி நோட்டின் கடைசிக் கட்டம்

1991-ஆம் வருடம், கோவில்பட்டி. விடியற்காலை நாலரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அப்பா பதறி எழுந்து திறந்தார். வாசலில் வாடகை சைக்கிள் கடை அண்ணாச்சி.

"தம்பிய எழுப்புங்க. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில ஒரு பிள்ளத்தாச்சிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் வேணுமாம். மொதல்ல அவன ரெண்டு இட்லி சாப்பிடச் சொல்லுங்க. வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போக மாட்டேன்."

எனக்கு அப்போது இருபது வயது. கல்லூரியில் ரத்த வகை பார்த்தார்கள் என்று ஒருநாள் டயருக்குக் காற்றடிக்கும்போது பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். சொன்ன நான் மறந்துவிட்டேன். அவர் அன்றைக்கே நோட்டில் எழுதிவைத்துவிட்டார். முதல் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை போனோம். ஊசியைப் பார்த்ததும் என் கை நடுங்கியது. அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பி நின்று, அவர் கடைக்கு முதல் சைக்கிள் வாங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கதை முடிவதற்குள் பை நிறைந்துவிட்டது. வெளியே வந்ததும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த நோட்டு கடையில் பஞ்சர் பசை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். பழைய டியூபை வளையமாக அறுத்து, அதையே ரப்பர் பேண்டாகப் போட்டிருப்பார். பெயர், ரத்த வகை, தெரு, தீப்பெட்டி ஆபீசில் எந்த நேரம் வேலை, கடைசியாகக் கொடுத்த தேதி என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். அந்தக் கணக்கு அவருக்கு விரல்நுனியில் இருந்தது. சாதாரணமாகக் கிடைக்கிற வகைக்கு என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "உன்ன இப்போ கூட்டிட்டுப் போயிட்டா, நாளைக்கே ஒரு ஓ நெகட்டிவ்காரன் உயிருக்குப் போராடும்போது உனக்கு மூணு மாசம் ஆகியிருக்காது" என்பார். ஓ நெகட்டிவ்காரருக்கு வேறு எந்த வகை ரத்தமும் சேராது என்பதை முதலில் எனக்குச் சொன்னது எட்டாவது வரை படித்த அவர்தான்.

இதை ஏன் ஆரம்பித்தார் என்பதை ஒரே ஒருமுறை சொன்னார். அக்காள் பிரசவத்துக்கு ரத்தம் தேடியபோது, பணத்துக்கு ரத்தம் விற்கிறவர் ஒருவரிடம்தான் கிடைத்ததாம். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. போன வாரமும் விற்றிருக்கிறார். அக்காள் பிழைத்துவிட்டாள். ஆனால் காசை எண்ணி வாங்கிய அந்தக் கையை அண்ணாச்சியால் மறக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ரத்த விற்பனைக்குத் தடை வந்தது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் கடைக்காரர் தனக்குத்தானே அந்தச் சட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

நோட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: 'ஆச்சு'. தேவை தீர்ந்ததும் எழுதுவார். வெறுமனே எழுதுவதோடு நிற்க மாட்டார். சொல்லிவைத்திருந்த அத்தனை பேர் வீட்டுக்கும் சைக்கிளை மிதித்துப் போய், "கிடைச்சிட்டு, நீங்க வேலைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு வருவார். இதற்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று கேட்டேன். "வேணும்னு கேக்கத் தெரிஞ்சவனுக்குப் போதும்னு சொல்லவும் தெரியணும் தம்பி" என்றார்.

65 வயதுக்கு மேல் ரத்தம் எடுக்கமாட்டார்கள். அந்த வயதைத் தாண்டியதும் தன் பெயருக்கு நேரேயும் 'ஆச்சு' என்று எழுதிக்கொண்டார். மற்றவர்களை அழைத்துப் போவதை மட்டும் விடவில்லை. போன வருடம் ஆடி மாதத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கடை அலமாரியில் ஏழு நோட்டுகள் இருந்தன.

இன்றைக்கு எவ்வளவோ வசதி வந்திருக்கிறது. ஒருவர் கொடுக்கும் ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து மூன்று பேருக்குக் கொடுக்கிறார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், மலேரியா, பால்வினை நோய் எல்லாம் சோதித்த பிறகே நோயாளிக்கு ஏற்றுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டால் நிமிடத்தில் ஐந்நூறு பேருக்குப் போய்விடுகிறது. அண்ணாச்சி இதையெல்லாம் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்தான்.

போன மாதம் எனக்கு அப்படி ஒரு செய்தி வந்தது. குழந்தைக்கு ஓ நெகட்டிவ், மிக அவசரம். தேதி இல்லை. உடனே கூப்பிட்டேன். எடுத்தவர் குழந்தையின் அப்பா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பிள்ள இல்ல சார். எட்டு மாசம் ஆச்சு. இன்னும் தெனமும் ரெண்டு மூணு பேரு கூப்பிடுதாங்க."

என்ன சொல்வதென்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். ரத்தம் கொடுக்கும் மனசோடு கூப்பிட்டவர்கள். அந்தச் செய்தியில் இல்லாதது ஒரு தேதியும், கடைசியில் 'ஆச்சு' என்ற ஒரு சொல்லும்தான். வெயிலில் அண்ணாச்சி ஏன் வீடு வீடாக அலைந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

ரத்தம் கேட்டு ஒரு செய்தி அனுப்பினால் தேதி, மருத்துவமனை, நோயாளியின் ரத்த வகை மூன்றையும் எழுதுங்கள். உங்களுக்கு வந்த செய்தியை அடுத்தவருக்குத் தள்ளுவதற்கு முன், ஒரே ஒரு போன் போட்டு இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். கிடைத்துவிட்டால், முதலில் எங்கே கேட்டீர்களோ அங்கேயே 'கிடைத்துவிட்டது' என்று எழுதுங்கள். 18 வயது ஆகி, 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்து, உடம்பும் நன்றாக இருந்தால், யாரும் கேட்பதற்குக் காத்திருக்காமல் பக்கத்து ரத்த வங்கிக்கு ஒருமுறை போய் வாருங்கள். போகுமுன் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.