இரண்டு பொட்டுப் பந்து

"ஸ்குவாஷ் கத்துக்கப் போறேன் அத்தை" என்றதும் மாமியார், "அதை எதுக்கும்மா வீட்டுல செய்யணும்? கடையில பாட்டில் பாட்டிலா விக்குதே" என்றார். ராக்கெட்டைக் காட்டினேன். "இதுலயா வடிகட்டுவே?" என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

எங்கள் பகுதி கிளப்பில் பகலில் ஸ்குவாஷ் கோர்ட் காலியாகத்தான் கிடக்கும். வியாழன் காலை பத்து மணிக்குக் சின்னப் பிள்ளைக்காரிகள் வந்து சும்மா ஆடிப் பார்க்கலாம் என்று ஓர் ஏற்பாடு. நாங்கள் நாலு பேர், பிள்ளைகள் ஐந்து. இரண்டு பேர் உள்ளே ஆட, மற்ற இரண்டு பேர் வெளியே ஐந்தையும் மேய்க்க வேண்டும். உள்ளே போனவள் லேசில் வெளியே வரமாட்டாள்.

ஒருத்தி பெயர் இன்னொருத்திக்கு இன்றுவரை தெரியாது. "யாழினி அம்மா நாலு, கவின் அம்மா ரெண்டு" என்றுதான் ஸ்கோர். 11 பாயின்ட் எடுத்தால் ஒரு கேம். மூன்று மாதமாக ஆடுகிறோம், ஒரு கேமும் முடிந்தபாடில்லை. ஏழு எட்டு வரும்போது யாருக்காவது ஒன்றுக்கு வந்துவிடும். அம்மாக்களைச் சொல்லவில்லை.

கோர்ட்டின் பின்சுவர் கண்ணாடி. அதில் மூக்கை அப்பி, முறுக்குக் கையைத் தேய்த்தபடி என் மகன் நிற்பான். முன்சுவர் முழுக்கப் பந்து பட்ட கறுப்புத் தடம். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா கிறுக்குனா? அடி வாங்குனாங்களா?" என்று ரகசியக் குரலில் கேட்டான். வீட்டுச் சுவரில் கிரேயான் தீட்டி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அன்று நான் பத்துத் தடம் போட்டேன், ஒருவரும் திட்டவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'லெட்'. எதிராளி குறுக்கே நின்று அடிக்க முடியாமல் போனால் லெட் கேட்கலாம். யார் மேலும் பழி இல்லை, அந்தப் பாயின்ட்டை மறுபடி முதலிலிருந்து ஆடலாம். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பிள்ளை தலை நீட்டினாலும் லெட்தான். வீட்டிலும் இது அமலில் இருந்தால் எப்படி இருக்கும்! பால் பொங்குகிற நேரம் பார்த்துக் காலைக் கட்டிக்கொள்கிறான். "லெட்!" பொங்கின பால் பாத்திரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

என் கணவர் உற்சாகப்படுத்துவது ஒரு தினுசு. சென்னையின் தீபிகா பல்லிக்கல் 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தை பெற்று, 2022 ஏப்ரலில் கிளாஸ்கோ உலக இரட்டையர் போட்டியில் இரண்டு தங்கம் வென்றதைச் சாப்பிடும்போது வாசித்துக் காட்டினார். பிரசவமான ஆறாம் மாதம் நான் குனிந்து செருப்பு மாட்டியதே வெண்கலம் பெறும். "2028 ஒலிம்பிக்ஸ்ல ஸ்குவாஷ் சேத்துட்டாங்களாம்" என்றார். "போறேன். அந்தப் பதினைஞ்சு நாள் இவனை நீங்க பாத்துக்கறீங்களா?" என்றேன். ரசம் கேட்டார்.

பந்துக்கு வருகிறேன். 4 சென்டிமீட்டர் கறுப்பு ரப்பர் உருண்டை. மேலே இருக்கும் பொட்டுதான் அதன் ஜாதகம். நீலப் பொட்டு நன்றாகத் துள்ளும், எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கானது. இரண்டு மஞ்சள் பொட்டு என்றால் பெரிய ஆட்டக்காரர்களுடையது. சூடேறும்வரை எழும்பாது, காலைக் காபிக்கு முன்னால் நான் எப்படியோ அப்படி. போன மாதம் ஒரு வீம்பில் அதைக் கேட்டு வாங்கினோம். மாறி மாறி அடித்ததில் நாங்கள்தான் சூடானோம். பந்து சாணி உருண்டை மாதிரி விழுந்து விழுந்து கிடந்தது. கிளம்பும்போது அதையும் காணோம். பைகளைக் கொட்டினோம், ஐந்து வாய்களையும் திறந்து பார்த்தோம். இல்லை.

அடுத்த வியாழன் காலை, ஷூவும் கையுமாக நிற்கும்போது பூஜை அலமாரியில் கண் போனது. பிள்ளையாருக்குப் பக்கத்தில், செம்பருத்தி சூடி, கறுப்பாய், உருண்டையாய், இரண்டு மஞ்சள் பொட்டோடு. மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் அடுத்த மாதம்தான்.

"குழந்தை எங்கேருந்தோ கொண்டாந்து வச்சான்மா. சாளக்கிராமம் மாதிரி இருக்கு. ஒரு வாரமா கற்பூரம் காட்டறேன்."

எடுக்கக் கை நீட்டினேன்.

"குருவாரமும் அதுவுமா சாமிய நகத்தாதே."

பந்து தொலைந்ததென்று கிளப்பில் காசு கட்டிவிட்டேன். தினம் இரண்டு வேளை கற்பூரச் சூடு. இந்நேரம் கூரை வரைக்கும் துள்ளும்.