காதால் திருகிய ஊசி

இன்றைக்கு மாடல் விமானம் விடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருவது அவர்களுடைய விமானத்தின் மேல் அல்ல, சட்டையின் மேல்தான். காலையில் போட்டுக்கொண்டு வந்த வெள்ளைச் சட்டை மாலையில் வெள்ளையாகவே வீடு திரும்புகிறது. 1970-களில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்து, ஏரோமாடலிங் என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கல்லூரி மைதானத்தில் கரைத்த எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாசற்படி ஏறும்போதே அம்மா கண்டுபிடித்துவிடுவாள்: சீமெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய். முதலாவது ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கியது. இரண்டாவது வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து, எங்களுக்கு ஏரோமாடலிங் கற்றுத்தந்த சாரின் கையெழுத்தோடு வந்தது. மூன்றாவது, சின்ன வயதில் மூக்கைப் பிடித்துத் தொண்டைக்குள் ஊற்றப்பட்ட அதே சரக்கு. “ஒரு கரண்டி கொடுத்தா ஊரையே கூட்டுவே, இப்ப காசு கொடுத்து பாட்டில் பாட்டிலா வாங்குறியாடா?” என்பாள். உங்கள் வீட்டிலும் வேறு ஏதோ ஒரு பைத்தியத்துக்காக இதே கேள்வி கேட்கப்பட்டிருக்கும்.

மூன்றும் ஏறத்தாழச் சரிபங்கு. ஈதர் பற்றவைக்கும், சீமெண்ணெய் பலம் தரும், விளக்கெண்ணெய் உள்ளே இரும்பும் இரும்பும் தின்றுகொள்ளாமல் காப்பாற்றும். நாங்கள் டீசல் என்று அழைத்த அந்தக் குட்டி என்ஜின்கள் ஒன்றரை, இரண்டரை சி.சி. அளவில், உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கும். ஸ்பார்க் பிளக் கிடையாது, பேட்டரி கிடையாது. பிஸ்டன் நெருக்குகிற நெருக்கலில் கலவை சூடாகித் தானே பற்றிக்கொள்ள வேண்டியதுதான். கல்கத்தாவில் செய்த அரோரா என்ஜின் ஒன்று எங்கள் எல்லோருக்கும் பொதுச்சொத்து. அதைப் பழைய பனியன் துணியில் சுற்றி வைத்திருந்த பவ்யத்தைப் பாடப்புத்தகங்களிடம் நாங்கள் ஒருநாளும் காட்டியதில்லை.

அந்த என்ஜினுக்குத் திருகுகள் இரண்டே இரண்டு. பக்கவாட்டில் எரிபொருளை அளந்துவிடும் ஊசி; தலையில், நெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. இரண்டைச் சரியாக வைப்பது என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒரே சமயத்தில் மனைவியிடமும் அம்மாவிடமும் நல்ல பெயர் வாங்கிப் பார்க்கட்டும். ஊசியை இரண்டு மூன்று சுற்று திறந்துவைத்து, காற்று நுழையும் வாயை விரலால் பொத்தி, புரொப்பெல்லரை நாலு தட்டு தட்டிக் குழாயில் எண்ணெய் ஏறுவதைப் பார்க்க வேண்டும். நெருக்கம் குறைவாக இருந்தால் ‘புஸ்’ஸென்று ஒரு முறை இருமிவிட்டு ஓயும், அதிகமானால் விரலைத் திருப்பி அடிக்கும். எண்ணெய் அளவுக்கு மீறிப் போய்விட்டால் புரொப்பெல்லர் கல்லாக நின்றுவிடும். அப்போது பலத்தைக் காட்டினால் உள்ளே கனெக்டிங் ராட் வளைந்துவிடும் என்பதால், தலைத்திருகைத் தளர்த்தி, பொறுமையாகச் சுற்றி, உள்ளே தேங்கியதை வெளியேற்ற வேண்டும். கிளம்பி ஓடிச் சூடேறிய பிறகு தலைத்திருகைச் சற்றுத் தளர்த்தி, ஊசியை மெல்ல மெல்ல மூடி, அதன் குரல் கம்மலிலிருந்து தெளிவுக்கு வருகிற இடத்தைப் பிடிக்கும்போது, அந்தக் கால நான் கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாகச் சாய்ப்பேன். அப்படிச் செய்தால் காது கூர்மையாகும் என்பதற்காக அல்ல. மைதானத்தை ஒட்டிய சாலையில் மகளிர் கல்லூரிப் பேருந்து அந்த நேரத்துக்குத்தான் போகும்.

சாருக்குப் பேருந்து அட்டவணை தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் விரல்கள் மட்டுமே. “டேய், நின்னுட்டிருக்கிறப்ப அது மரக்கட்டை, ஓடுறப்ப கண்ணுக்கே தெரியாது. தெரியாத பொருளுக்கு மரியாதை கொடுங்கடா” என்பார். புரொப்பெல்லருக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, உடைந்தால் துண்டு பறக்கிற திசை அதுதான். ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் வந்து அங்கிருந்துதான் ஊசியைத் தொட வேண்டும். விளிம்பில் கீறல் விழுந்த புரொப்பெல்லர் எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்கு. சட்டைக் கை மடித்திருக்க வேண்டும், கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. மைதானத்துக்கு மேல் மின்கம்பி போனால் அன்றைக்கு விமானம் பெட்டியிலேயே இருக்கும், ஏனென்றால் எங்கள் விமானங்கள் இரண்டு எஃகுக் கம்பிகளின் முனையில் எங்களையே சுற்றிப் பறந்தவை. விரலில் சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டிக்கொள்ளச் சொல்வார். அந்தக் கால நானோ அது வீரனுக்கு இழுக்கு என்று நினைத்தேன். சார் பார்க்கும்போது மட்டும் மாட்டிக்கொள்கிற அளவுக்கு விவேகமும் இருந்தது.

அப்புறம் குளோ என்ஜின் வந்தது. அமெரிக்காவில் ரே ஆர்டன் 1947-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்ட குளோ பிளக் எங்கள் மைதானத்துக்கு நடந்தே வந்தது போலத் தாமதமாக வந்தது. பிளாட்டினம் கம்பிச்சுருள் ஒன்றை ஒன்றரை வோல்ட் பேட்டரியில் சூடாக்கி, என்ஜின் ஓடியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனாலும் பிளாட்டினமும் தங்களுக்குள் பேசிக்கொண்டு அந்தக் கனலை அணையாமல் காத்துக்கொள்ளும். மெத்தனால் தீப்பிடித்தால் வெயிலில் சுடர் தெரியாது என்பதால் சாரின் சட்டங்களில் ஒன்று கூடியது. எங்கள் காதுக்கும் வேலை கூடியது. எண்ணெய் மிகுந்தால் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கிற கரகரப்பு. ஊசியை மூட மூட ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கிற கூர்மையான ரீங்காரம். அந்த ரீங்காரத்தின் உச்சியில் நிறுத்துகிறவன் புதியவன். உச்சியைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் பின்வாங்கி நிற்பவனே பழகியவன், ஏனென்றால் வானத்தில் புரொப்பெல்லருக்குச் சுமை குறைந்து வேகம் தானே ஏறும். தரையிலேயே உச்சியில் வைத்தால் மேலே எண்ணெய் போதாமல் தவித்துச் சூடேறி நின்றுவிடும். இருபது வயதில் இதை என்ஜினுக்கு மட்டும் உரிய விதி என்று நினைத்திருந்தேன்.

இப்போது பேரன் விடுகிற விமானத்தில் ஊசியும் இல்லை, திருகும் இல்லை. பிரஷ்லெஸ் மோட்டார், லித்தியம் பாலிமர் பேட்டரி. குச்சியைத் தள்ளினால் ஓடுகிறது, இழுத்தால் நிற்கிறது. பறக்கத் தகுந்த இடமா என்று பார்க்க அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்துக்கே வர்ணம் பூசியிருக்கிறார்கள். “தாத்தா, நீங்க ஸ்டார்ட் பண்றதுக்கே அரை மணி நேரம் ஆக்குவீங்களாமே?” என்கிறான். அந்த அரை மணி நேரத்தில்தானடா எனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள் என்று சொன்னால் அவனுக்குப் புரியாது. ஓடுகிற என்ஜினிடம் யாரும் வரமாட்டார்கள். ஓடாத என்ஜினைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிடும், ஊசியைத் திற என்று ஒருவர், மூடு என்று ஒருவர், பிளக்கைக் கழற்றிப் பார் என்று மூன்றாமவர், டீ சொல்லட்டுமா என்று நான்காமவர்.

ஆனால் பயத்தில் மட்டும் முன்னேற்றம் எங்களை ஏமாற்றிவிட்டது. எங்கள் என்ஜின் ஒரு கோபக்காரர். கத்துவார், புகைவார், அவர் விழித்திருப்பது தெருமுனை வரை தெரியும், எதிலாவது இடித்துக்கொண்டால் பெரும்பாலும் நின்றுவிடுவார். பேரனின் மோட்டார் சத்தமில்லாத சாது. பேட்டரி மாட்டிய நிமிடத்திலிருந்து குச்சியில் முழங்கை பட்டாலும் விழித்துக்கொள்ளும், விரல் குறுக்கே வந்தாலும் நிற்காமல் இன்னும் அதிக மின்சாரம் இழுத்துச் சுற்றப் பார்க்கும். பத்து அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 12,000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 570 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்ற கணக்கு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். ஆகவே ரிமோட்டை முதலில் போடு, பேட்டரியைக் கடைசியில் மாட்டு, கழற்றும்போது பேட்டரி முதலில், வீட்டு மேஜையில் சோதிக்கும்போது புரொப்பெல்லரே வேண்டாம் என்று நானும் சட்டங்கள் போடத் தொடங்கிவிட்டேன். சாரின் குரல் எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்ததோ, அதே எரிச்சல் பேரனின் முகத்தில் தெரிகிறது. பரம்பரைச் சொத்து இப்படித்தான் கைமாறும் போல.

இன்னொரு விஷயமும் கவனித்தேன். அந்த லித்தியம் பேட்டரி, சார்ஜ் ஆகும்போது கோளாறு வந்தால் தீப்பிடிக்கக்கூடியது. தீ தாங்கும் பைக்குள் போட்டு, பக்கத்தை விட்டு நகராமல் காவல் இருக்க வேண்டும். ஒழுங்காகச் சார்ஜ் ஏற ஒரு மணி நேரமாகும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பையன்கள் ஒரு பையைச் சுற்றி உட்கார்ந்து, செல்லுக்கு 4.2 வோல்ட் ஏறுகிற வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் ஆம்பியரைக் குறை என்கிறான், இன்னொருவன் சார்ஜரை மாற்று என்கிறான். விஞ்ஞானம் இன்னும் கொஞ்சம் வளர்ந்து ஒரே நிமிடத்தில் சார்ஜ் ஏறிவிட்டால் இவர்கள் பாடு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டபடி, டீ சொல்லட்டுமா என்று நான் கேட்டேன்.