கரிசலில் ஒரு பச்சைப் பாய்

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் வீடு. விதை தூவிப் புல்தரை வளர்க்க முடியுமா? போன தடவை தூவியது முளைக்கவே இல்லை.

பதில்: தாராளமாக முடியும். கடையில் ‘பெர்முடா’ என்ற பெயரில் கிடைக்கும் விதை வேறொன்றுமில்லை, வரப்பில் பிடுங்கப் பிடுங்கத் துளிர்க்கும் நம்ம அருகம்புல்தான். கரிசல்காட்டுக்கு அது விருந்தாளி அல்ல, வீட்டுப் பிள்ளை.

சிக்கல் மண்ணின் குணத்தில் இருக்கிறது. நனைந்தால் உப்பிப்போய்ச் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அருகம்புல் விதையோ ஒரு கிராமுக்குச் சில ஆயிரம் தேறும், அவ்வளவு பொடிசு. கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தாலே முளை மேலே வரத் தெம்பிருக்காது. வெடிப்புக்குள் விழுந்தது வீண்தான்.

மண்ணை இளக்குவதற்காகப் பலர் இரண்டு மூட்டை மணலைக் கொட்டிக் கிளறுகிறார்கள். களிமண்ணோடு கொஞ்சம் மணல் சேர்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். மட்கிய தொழுவுரமே நல்லது. மேல் அரை அடி மண்ணில் நன்றாகக் கலந்து மட்டம் செய்ய வேண்டும். ஜிப்சமோ, சோடியம் மிகுந்த களர் நிலத்துக்குத்தான் மருந்து. மண் பரிசோதனைக்குப் பிறகு போடலாம்.

1,000 சதுர அடிக்கு அரை கிலோ விதை. உலர்ந்த மணலில் கலந்து நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை தூவி, துடைப்பத்தால் லேசாகத் தடவினால் போதும். முதல் இரண்டு வாரம் பூவாளிதான்; குழாயைத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஒரே மூலையில் போய்க் கூடிவிடும்.