கசிந்த ரகசியமும் கசியாத இழப்பீடும்

சர்க்கரை அளவு முதல் ஸ்கேன் படம் வரை மருத்துவமனைக் கணினியிலிருந்து கசிந்துவிட்டால், இந்திய நோயாளிக்குக் கைகொடுக்க வந்திருப்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். முதற்படி, கசியவிட்ட மருத்துவமனையிடமே முறையிடுவது. அங்கே தீராவிட்டால்தான் தரவுப் பாதுகாப்பு வாரியம். பாதுகாப்பில் கோட்டைவிட்ட நிர்வாகத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது போய்ச் சேருமிடம் அரசின் தொகுப்பு நிதி. இழப்பீட்டுக்கு இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இதே சட்டம் வகைசெய்கிறது. ஆனால், நோயாளியை அடியோடு மறந்துவிடவில்லை: பொய்ப் புகார் கொடுத்தால் அவருக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம். எஞ்சுவது நுகர்வோர் ஆணையம். அங்கே சேவைக் குறைபாட்டையும் நட்டத்தையும் நிரூபிப்பது நோயாளியின் பொறுப்பு. அதற்கு வேண்டிய பதிவேடுகள் மட்டும் மருத்துவமனையில் கசியாமல் பத்திரமாக இருக்கும்.